மாலை போட்ட முகம்



கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம் ஒன்று போன வாரம் வந்தது. எழுதியவர் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில், எரியோடு பக்கத்துத் தம்பி. வயது 24. ஒரு நூற்பாலையில் வாசல் செக்யூரிட்டி. தினமும் முகம் வழித்துவிட்டு வந்தால்தான் டியூட்டி. வழித்த மறுநாளே கழுத்திலும் தாடைக்கு அடியிலும் பொரிப்பொரியாகக் கிளம்பி, அரிப்பெடுத்து, சில இடத்தில் சீழ் கோத்து, ஆறினால் கறுப்பாகத் தழும்பு விழுகிறதாம். அது ஆறுவதற்குள் அதன் மேலேயே அடுத்த பிளேடு. "சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும், ஏன்டா குளிக்க மாட்டியான்னு கேட்டுட்டார் சார். நான் ரெண்டு வேளை குளிக்கிறவன்" என்று எழுதியிருக்கிறார். கடைசி வரி இது: "பொண்ணு பாக்கப் போற எடத்துல, வெளிச்சத்துல உக்காராதடாங்குது எங்கம்மா."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தம்பி எழுதியிருப்பது என் கழுத்தைப் பற்றியும்தான்.

எங்கள் அப்பா அரசாங்க எழுத்தர். காலையில் கிணற்றடித் தூணில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தினமும் தவறாமல் முகம் வழிப்பார். அவருடைய வெள்ளைச் சட்டைக் காலர்களின் உள்பக்கம் குங்குமப்பொட்டு மாதிரி சின்னச் சின்ன ரத்தக் கறை இருக்கும். அம்மா அதை உப்புப் போட்டுக் கசக்குவாள். எனக்கும் மீசை அரும்பி நாலு வருடத்தில் அதே கழுத்து, அதே காலர். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கும் ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: உடம்புச் சூடு. தமிழ்நாட்டில் முடி கொட்டினாலும் சூடு, முகத்தில் பரு வந்தாலும் சூடு. எனக்கு ஊற வைத்த வெந்தயம் கொடுத்தார்கள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். உடம்பு குளிர்ந்திருக்கும். கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது தாத்தாவின் முகம். அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, தாத்தாவுக்கு மட்டும் வழவழவென்று இருந்தது எப்படி? அவர் புகையிலைக் காட்டுக்காரர். வாரத்துக்கு ஒரு முறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒரு முறை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகம் வழித்துக்கொள்வார். அமாவாசை ஆகாது, வெள்ளிக்கிழமை ஆகாது, பிறந்த கிழமை ஆகாது, வீட்டில் தீட்டு என்றால் ஆகாது. இந்த ஆகாதுகளையெல்லாம் கழித்தால் மாதத்துக்கு மூன்று நாலு நாள் தேறும். விடை அங்கேதான் இருந்தது என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

முடி முளைக்கும் குழியை நம் ஊர் போர்வெல்லாக நினைத்துக்கொள்ளுங்கள். துளை நேராக இறங்கியிருந்தால் முடியும் நேராக மேலே வரும். சிலருக்குத் துளையே வளைந்து இறங்கியிருக்கும்; முடி சுருண்டுதான் வரும். வழித்தவுடன் அந்த முடியின் நுனி சாய்வாக, ஊசி மாதிரி ஆகிவிடுகிறது. அது வளர்ந்து, வளைந்து, பக்கத்திலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. இன்னொரு வகையும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட வழிக்கும்போது, விட்டதும் முடி நுனி தோலுக்குக் கீழே போய்விடும். வெளியே வருவதற்குள் குழியின் சுவரையே கிழித்துக்கொண்டு போகும். இரண்டிலும் உடம்புக்கு அது அந்நியப் பொருள், காலில் முள் ஏறியது மாதிரி. முள்ளைச் சுற்றி என்ன நடக்குமோ அதுதான் கழுத்தில் நடக்கிறது. ஆகவே இது பரு மாதிரி இருந்தாலும், சவரப் பரு என்றே சொன்னாலும், பரு ஆகாது. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் வழிக்கிறவனுக்குத்தான் வருகிறது.

இனி பரம்பரைக்கு வருவோம். போர் போடும்போது மேல்மண் சரிந்துவிடாமல் கேசிங் பைப் இறக்குகிறோம் இல்லையா? முடிக் குழிக்குள்ளும் அப்படி ஒன்றுக்குள் ஒன்றாக உறைகள் உண்டு. உள்ளுறை முடியோடு சேர்ந்து மேலே நகரும், வெளியுறை நகராது. இரண்டுக்கும் நடுவில் ஒற்றை வரிசை செல்களாக ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு உறுதி தரும் புரதங்களில் ஒன்று கெரட்டின் 75. அதைச் செய்வதற்கான குறிப்பு நம் 12ஆவது குரோமோசோமில் இருக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட மணிகளைக் கோத்த மாலை என்று அந்தப் புரதத்தை வைத்துக்கொண்டால், 161ஆவது மணி அலனின். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் திரியோனின் என்ற வேறு மணி. மொத்த மாலையில் மாறியது ஒரே ஒரு மணி. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2004இல் இதைக் கண்டு எழுதினார்கள். இந்த மணி மாறியவர்களுக்குச் சவரப் பரு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்பது அவர்கள் கணக்கு. படலம் கொஞ்சம் நைந்து போவதால், முடி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவது எளிதாகிவிடுகிறது என்பது அவர்களுடைய அனுமானம்.

ஆறு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். மணி மாறியும் கழுத்து சுத்தமாக இருப்பவர்கள் உண்டு. மாறாமலே அவதிப்படுகிறவர்களும் உண்டு. முடி சுருளா, கோரையா, தடிமனா என்பதை முடிவு செய்யும் மரபணுக்கள் தனியாகப் பல. அவையும் இதில் கூட்டாளிகள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. 1948 முதல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாக்கியலட்சுமி, அபிராமி என்று ரகம் ரகமாகப் புகையிலை போட்டுப் பார்த்த மண் இது. ஒரே விதையைக் கரிசலிலும் செம்மண்ணிலும் போட்டால் இலை எப்படி மாறும் என்று இங்கே வரப்பில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாத்தாவிடமும் இந்த விதை இருந்திருக்கலாம். முளைக்கத் தண்ணீர் விட்டது அப்பாவின் தினசரிச் சவரம்.

இன்னொன்று. 12ஆவது குரோமோசோம் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வருவது. முகம் வழிக்காத அம்மாவுக்குத் தன்னிடம் இது இருப்பதே தெரியாமல் போகலாம். அப்பாவின் முகம் வழவழவென்று இருந்து மகனுக்கு மட்டும் வந்திருந்தால், தாய்மாமன் கழுத்தை ஒரு முறை பாருங்கள். பெண்களுக்கும் வராது என்றில்லை. தாடையில் முளைக்கும் முடியைப் பிளேடால் எடுக்கிறவர்களுக்கும், வாக்ஸ் போடுகிறவர்களுக்கும் வரும். அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உலகத்தில் இந்தத் தொல்லை அதிகம் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு. முடி இறுகச் சுருண்டது என்பதால் அவர்களில் பாதிப் பேரளவுக்கு உண்டு என்கிறார்கள். அமெரிக்காவில் தோல் மருத்துவர்கள் ஸ்ட்ராஸ், கிளிக்மன் இருவரும் 1956இலேயே இதை விளக்கமாக எழுதிவிட்டார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் தாடியை எடுக்க மாட்டேன் என்ற ஒரு பீட்சா டெலிவரி ஊழியரை வேலையைவிட்டு நீக்க, அது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், விலக்கே இல்லாமல் தாடி கூடாது என்ற கடை விதி செல்லாது என்று 1993இல் தீர்ப்பானது. அவருக்கு இருந்தது இதே சவரப் பருதான். அமெரிக்க விமானப் படை 2020இல் இப்படிப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டு வரை சவர விலக்கு தந்தது. 2025இல் அங்கே காற்று திசை மாறி, ஓராண்டுக்கு மேல் விலக்கு தேவைப்படுகிறவர்களைப் பணியிலிருந்து அனுப்பவும் செய்யலாம் என்ற நிலை வந்திருக்கிறது. ஒரு முடி ஒரு மில்லிமீட்டர் வளைந்ததற்கு ஒரு வல்லரசு ராணுவம் இத்தனை சுற்றறிக்கை போட்டிருக்கிறது!

இங்கே என்ன செய்யலாம்? எனக்கு வழி காட்டியது எங்கள் தெரு சலூன்காரர். அறுபதைத் தாண்டியவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அவர் அப்பா சவரக் கத்தி வைக்கும் அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். கட்டிக்கும் சிரங்கிற்கும் மருந்து வைத்தவரும் அவர்தான். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பேர் சும்மா வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. செவ்வாய் லீவு முடிந்து கடையில் கூட்டம். என் முறை வந்ததும் அண்ணன் புது பிளேடை உறையோடு மடக்கி, டிக்கென்று இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். என் கழுத்தைப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார், வீட்ல அந்த மூணு பிளேடு ரேசர்தான?"

"அஞ்சு பிளேடு அண்ணே. பையன் வாங்கிட்டு வந்தான்."

"அது ஒண்ணு முடியப் புடிச்சு இழுக்கும், அடுத்தது அறுக்கும். அறுத்ததும் முடி உள்ள போயி ஒளிஞ்சுக்கும். ஒளிஞ்சது சும்மாவா இருக்கும்?"

கட்டைவிரலால் என் தாடையைத் தடவிக்கொண்டே போனார். "இங்க முடி கெழக்கால சாயுது. இந்தா, குரல்வளைகிட்ட வந்ததும் மேக்கால திரும்புது. இந்த எடத்துல சுழி. சுழியில எதிர்க் கத்தி போட்டா முடிஞ்சுது சோலி." ஒவ்வொரு இடத்திலும் முடி சாயும் பக்கமே கத்தியும் போயிற்று. தோலை இழுத்துப் பிடிக்கவில்லை. இரண்டாம் கை போடவில்லை. தடவிப் பார்த்தால் லேசாகச் சொரசொரப்பு இருந்தது. ரிவர்ஸ் போடவில்லையா என்று கேட்டேன். "வழவழப்பு வேணுமா, கழுத்து வேணுமா?" என்றார்.

தோல் மருத்துவப் புத்தகங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான். வெந்நீர்த் துணியைக் கழுத்தில் கொஞ்ச நேரம் வைத்து முடியை ஊற விடுவது. ஒற்றைப் பிளேடு. முடி சாயும் பக்கமே வழிப்பது. இன்னும் நல்லது, பிளேடே வேண்டாமென்று ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுவது. உள்ளே சுருண்ட முடி வளையமாக வெளியே தெரிந்தால் சுத்தமான ஊசியால் நுனியை மட்டும் மெல்லக் கிளப்பிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முடி மறுபடி உள்ளேயேதான் புறப்படும். லேசர் வைத்து முடியின் வேரையே அடக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பலன் உண்டு, பணம் ஆகும், நம் நிறத் தோலுக்குத் தெரிந்த கையால் செய்ய வேண்டும்.

பையன்கள் பின்கழுத்தை மெஷினால் ஒட்ட எடுத்து ஃபேடு கட் வைத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் கட்டி கட்டியாக வந்து தடித்துப்போவதைப் பார்க்கிறேன். அதற்குத் தனிப் பேர், தனி வைத்தியம். அதையும் தோல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

என் கழுத்து ஒரு முறை முழுசாக ஆறியது இதில் எதனாலும் இல்லை. ஒரு வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டேன். ஒரு மண்டலம், 48 நாள். பிளேடு தொடவில்லை. முதல் வாரம் அரிப்பு தாங்கவில்லை, இருந்த கட்டிகள் இன்னும் கொஞ்சம் கூடின. மூன்றாவது வாரம் அரிப்பு அடங்கியது. ஆறாவது வாரம் தாடிக்குள் விரலை விட்டுத் தேடினேன். ஒரு கட்டிகூட இல்லை. முருகன் கொடுத்தான் என்று மனைவி திருநீறு பூசிவிட்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாடி ஒரு நாளைக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. நாலு வாரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அந்த நீளம் வந்ததும், உள்ளே குத்திக்கொண்டிருக்கும் முடி தன் வில் விசையாலேயே வெளியே தெறித்து வந்துவிடுகிறது. மருத்துவர்கள் இந்த நோய்க்கு முதலில் எழுதித் தருவதும் இதுதான்: மூன்று நாலு வாரம், முற்றினால் இன்னும் கொஞ்சம் கூட, சவரம் வேண்டாம். ஐயப்பனுக்கு 41 நாள், மண்டலம் 48 நாள். இரண்டிலும் அந்தக் கணக்கு தாராளமாக அடங்கிவிடுகிறது. கார்த்திகையிலும் தையிலும் நம் ஊரில் எத்தனை கழுத்துகள் தாமாகவே ஆறுகின்றன என்று எண்ணிப் பார்க்க ஆசை. மாலையைக் கழற்றிய அன்றே ரிவர்ஸ் போட்டு வழித்து, பத்தாம் நாள் பழையபடி சொறிந்துகொண்டு நிற்பவர்களும் உண்டு. அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன். விரதம் முடிந்தால் விதை போய்விடுமா என்ன?

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. முகத்தில் எது வந்தாலும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படர்தாமரைக்கும் அதுதான், கறுப்பு மாறி வெளுப்பாகவும் அதுதான். அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். மூன்றே நாளில் கட்டி அமுங்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரியும் முகமாக மாறும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணை போட்டது. ஆணை எவ்வளவு தூரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரை உள்ளவர்கள், சீழ் பிடித்துக் காய்ச்சல் வருகிறவர்கள், தழும்பு தடித்து வளர்கிறவர்கள் கைவைத்தியத்தில் நாளைக் கழிக்க வேண்டாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். எந்தச் சலூனானாலும் பிளேடு கண் முன்னால் புதிதாக ஒடிபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சில ரத்தத்தில்தான் பயணம் போகின்றன.

இனி அந்தத் தம்பியின் வேலை. சீருடை, ஒழுங்கு என்ற பேச்சுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒழுங்கு என்றால் வழித்த முகம்தான் என்று யார் சொன்னது? இந்தியக் கடற்படையில் அனுமதி வாங்கித் திருத்தமான தாடி வைத்துக்கொள்ளலாம். சமய நம்பிக்கைக்காகத் தாடி வைத்த ஒரு காவலருக்குக் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் ரத்து செய்தது. பழைய மதராஸ் போலீஸ் கெஜட்டிலேயே அதற்கு இடம் இருப்பதைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. கடவுளுக்காக விடலாம் என்றால் கழுத்துக்காகவும் விடலாம். கார்த்திகை மாதம் மாலை போட்டு வரும் தொழிலாளியை எந்த மில்லும் வாசலில் நிறுத்துவதில்லை. அதே மரியாதையை டாக்டர் சீட்டோடு வருகிறவனுக்கும் கொடுங்கள் என்று வேடசந்தூர் வட்டாரத்து மில் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்ட முகம் கேட்டில் நிற்பதால் ஒரு கதிர்கூடச் சுற்றாமல் நிற்காது.

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: இது அழுக்கில்லை, சூடு இல்லை, ஒட்டுவதும் இல்லை. அவர் வழியிலோ அப்பா வழியிலோ வந்தது. பெண் வீட்டில் வெளிச்சத்திலேயே உட்காருங்கள். நாலு வாரத்துக்குப் பிளேடைத் தொடாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டுத் திண்டுக்கல் போய் டாக்டர் சீட்டு வாங்கிவிடுங்கள். சூப்பர்வைசர் மறுபடி கேட்டால், சீட்டோடு இந்தப் பக்கத்தையும் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களுக்கு வேறு பிரதி அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்